முன்னச்சின் கதை

வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அமெரிக்கர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. முன்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு அச்சில் கோப்பதா, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஸ்பிரிங்கில் தொங்கவிடுவதா என்பதே அது. பின்னால் டீசல் எஞ்சின். நடுவில் சமையலறையும் படுக்கையும். ஓட்டுகிறவர் முன்சக்கரங்களுக்கு மேலேயோ, அவற்றுக்கும் முன்னாலேயோ உட்கார்ந்திருக்கிறார். பாதையின் மேடு பள்ளம் முதலில் அவர் முதுகெலும்புக்குத்தான் தெரியும். ஆகவே இதை வெறும் வியாபாரப் பேச்சு என்று நான் தள்ளமாட்டேன். இதற்கு இருநூறு வருஷத்துப் பூர்வோத்திரம் இருக்கிறது.

இரண்டு சக்கர வண்டியில் மாடு திரும்பினால் வண்டியும் திரும்பிவிடும். நான்கு சக்கரம் வந்ததும்தான் தொல்லை. பழைய ஐரோப்பியக் கோச்சுகளில் முன்னச்சு முழுவதும் நடு முளையைச் சுற்றித் திரும்பியது. அதிகம் திருப்பினால் முன்பக்கத்துக்குத் தாங்கல் போய் வண்டி குடை சாயும். மியூனிக்கில் கோச்சு செய்துவந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு மாற்றுக் கண்டார். அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனி முளையில் திரும்பும்படி அமைத்தார். அவருக்காக 1818-இல் லண்டனில் பேடண்டு வாங்கியவர் ருடால்ப் ஆக்கர்மன். படங்களும் புத்தகங்களும் வெளியிட்டவர். இன்றும் அந்த ஏற்பாட்டுக்கு ஆக்கர்மன் என்றுதான் பெயர். கண்டவரை உலகம் மறந்துவிட்டது.

பிரான்ஸில் லே மான் நகரத்து மணி வார்ப்பவர் அமதே பொல்லே, 1873-இல் ஒரு நீராவி வண்டி செய்தார். 'சொற்படி கேட்பவள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். பன்னிரண்டு பேர் ஏறலாம். அதன் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி முளை, தனி ஸ்பிரிங். இன்றைய வழக்கில் ஒரு கட்சி கேட்பது ஏறக்குறைய இதைத்தான். 1875-இல் அவள் லே மானிலிருந்து பாரிஸுக்குப் போனாள்.

ஆனாலும் பின்வந்த மோட்டார்காரர்களில் பெரும்பாலோர் ஒற்றை அச்சையே பிடித்துக்கொண்டார்கள். மலிவு, உறுதி, பாகங்களும் குறைவு. இத்தாலியில் லான்சியா லாம்ப்டா 1922-இல் தனிச் சக்கரத்தோடு வந்தது. பலர் வியந்தார்கள், சிலரே பின்பற்றினார்கள். பிறகு பெரிய மெத்தை டயரும் முன்சக்கர பிரேக்கும் வந்தன. அப்போதுதான் ஒற்றை அச்சின் குணம் வெளிப்பட்டது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு சாய்கிறது. சுழலும் சக்கரங்கள் பம்பரத்தைப்போல் அந்தச் சாய்வை எதிர்த்துப் பக்கவாட்டில் திமிறுகின்றன. ஸ்டியரிங் கையில் உதறுகிறது. ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி போன்ற எஞ்சினியர்கள் இதை ஆராய்ந்தார்கள். அந்தக் கம்பெனியின் 1934-ஆம் வருஷக் கார்களில் தனிச் சக்கரம் வந்தது. யுக்தி அறுபது வருஷம் காத்திருந்தது. கை உதறிய பிறகே கதவு திறந்தது.

கனவண்டிகள் வேறு வழி போயின. 1954-இல் ஓடத் தொடங்கிய கிரேஹவுண்டு ஸீனிக்ரூஸர் பஸ்ஸில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கின. 1973 முதல் 1978 வரை விற்ற ஜிஎம்ஸி வீட்டுவண்டியோ பெட்ரோலில் ஓடியது. முன்சக்கரங்கள் தனித்தனியே முறுக்குக் கம்பிகளில் நின்றன. இன்றைய டீசல் வீட்டுவண்டிகளில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. தனிச் சக்கரம் குலுக்கலைக் குறைக்கிறது. கூடுதலாகத் திரும்பவும் இடம் கொடுக்கலாம். ஆனால் தேயும் மூட்டுகள் அதிகம். ஒற்றை அச்சு சற்று முரடு, பராமரிப்பு எளிது.

எந்தக் கட்சி என்று கேட்டால், முதலில் எடைமேடைக்குப் போங்கள் என்பேன். தண்ணீர், பாத்திரம், பண்டம், குடும்பம் எல்லாம் ஏறிய பிறகு ஒவ்வொரு முன்சக்கரத்தின் மேலும் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கவேண்டும். அச்சும் டயரும் தாங்கும் அளவை அது மீறினால், இரண்டில் எதுவும் காப்பாற்றாது. மீறாவிட்டால், தினம் எட்டு மணி நேரம் ஓட்டப்போகும் முதுகைக் கேட்டுத் தீர்மானிக்கலாம்.