அயல் இல்லாத வளவுகள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு, 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பரதேசி வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களைப் பாதுகாக்கவேண்டும் என்று அது பணிக்கிறது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. குடியிருப்பு என்றால் அதில் காவலும் அடங்கும் என்று அரசன் அறிந்திருந்தான்.

பிற்காலத் தீவக ஊர்களில் அந்தக் காவலைத் தந்தது அயல். "எங்கே தம்பி போகிறாய்?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்கும் பெரியவருக்கு அஞ்சியே பல வாலிபர் வழிதவறாதிருந்தனர். அதே கண்கள் சாதி எல்லையையும் காத்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை.

1990-91இல் யுத்தம் அந்த அயலைச் சிதைத்தது. வேலணை, புங்குடுதீவு மக்களில் பெரும்பாலோர் வெளியேறினர். யாழ்ப்பாண நகரின் சோனகதெருவிலோ, 1990 ஒக்டோபர் 30இல் முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் பல வளவுகளுக்கு உரியவர் திரும்பவில்லை. கூரையிழந்த வீடுகளைப் பற்றை மூடியது.

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவியொருத்தி கடத்திக் கொல்லப்பட்டாள். 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தனர். குற்றவாளிகளின் பொறுப்பைப் பாழ்வீடுகளின்மேல் சுமத்த முடியாது. ஆயினும் மதுவையும் கஞ்சாவையும் கைத்தொலைபேசியையும் பழிக்கும் நாம், கேட்க ஆளில்லாத வளவுகளைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

வீட்டை மாற்றினால் பிள்ளை திருந்துமா? அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் 1998 வரை இதைச் சோதித்தார்கள். அரசாங்க மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் வறுமை குறைந்த அயல்களுக்குச் செல்ல வாடகை உதவி பெற்றன. பெண்பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டது. பதின்வயது ஆண்பிள்ளைகளுக்கு அந்த நன்மை கிட்டவில்லை, சில விடயங்களில் நிலை மோசமானது. 13 வயதுக்கு முன்னர் இடம்மாறியோரோ வளர்ந்தபின் கூடுதலாக உழைத்தனர் என 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. நல்ல அயல் பிள்ளையைப் பற்றிப்பிடிக்கக் காலம் எடுக்கிறது. பழகிய அயலை இழப்பதும் ஓர் இழப்பே என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

புத்தளம் முகாம்களைக் கண்ட நமக்கு இது விளங்காததன்று. ஊரார் அருகருகே ஓலைக்கொட்டில் போட்டுப் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த இடங்களில் அயல் ஓரளவு தப்பியது. மீள்குடியேற்றத்திலோ கணக்கு, கட்டிய வீடுகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே பத்துப் பாழ்வளவு கிடந்தால் அது ஊராகாது. வளவுகளைத் துப்புரவாக்கி, வாசிகசாலையையும் விளையாட்டு மைதானத்தையும் திறந்து, திரும்பக்கூடியவர்களை அருகருகே குடியமர்த்துவதே வாலிபரைக் காக்கும் முதல் வேலை.