பொது மண்ணும் பொதுக் கருவியும்: கல்கத்தா உடற்பயிற்சிக் கூடங்களின் ஒழுகலாறு

உடற்பயிற்சிக் கூடம் உடல் வளர்க்கும் இடம் என்ற நிலையிலேயே பெரும்பாலும் நோக்கப்பட்டு வந்துள்ளது. வங்காளத்தைப் பொறுத்தவரை அது விடுதலை இயக்கத்தின் நாற்றங்காலாகவும் ஆராயப்பட்டுள்ளது. 1980இல் ஜான் ரொசெல்லி எழுதிய ஆய்வுக்கட்டுரை இவ்விரண்டாம் நோக்கிற்கு அடித்தளமிட்டது. ஆயின் அக்கூடம் பலர் ஒரே கருவியை ஒருவர்பின் ஒருவராகக் கையாளும் இடம் என்னும் எளிய உண்மை போதிய கவனம் பெறவில்லை. ஒருவர் தூக்கிய கட்டையை அடுத்தவர் தூக்குகிறார். ஒருவரது வியர்வை படிந்த மண்ணில் மற்றொருவர் புரளுகிறார். யார் தொட்டதை யார் தொடலாம் என்பதில் கடுமையான வரையறைகளைக் கொண்டிருந்த ஒரு சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. கருவியைப் பகிர்வதற்கு எழுந்த ஒழுகலாற்றை முன்வைத்துக் கல்கத்தா நகரின் பயிற்சிக் கூடங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கால எல்லை, இந்து மேளா தோன்றிய 1867 தொடங்கி மனோகர் ஆய்ச் உலகப் பட்டம் பெற்ற 1952 வரை எனக் கொள்ளப்படுகிறது.

தமிழ் மரபில் களமும் கருவியும்

பொருளுக்குள் புகுமுன் தமிழ் இலக்கியச் சான்றுகள் இரண்டினை நினைவுகூர்தல் தகும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பொருதும் களத்தைக் ‘களரி’ எனச் சுட்டுகிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் (80–82) பாடுகிறார். இவ்விரு இடங்களிலும் நாம் காண்பது போரையே; பயிற்சியை அன்று. களத்தில் இறங்குவோர் எவ்வாறு முறைவகுத்துப் பழகினர் என்பதைப் புலவர்கள் பாடுபொருளாகக் கொள்ளவில்லை.

பெரியபுராணத்து ஏனாதிநாதர் வரலாறு இதனின் வேறுபட்டது. எயினனூரில் வாள் பயிற்றுவித்து, அவ்வருவாயால் அடியார்க்குத் தொண்டு செய்தவர் அவர். அவர் கூடத்திற்கு மாணாக்கர் பெருகத் தன் வருவாய் குன்றிய அதிசூரன் பகை கொள்கிறான். பயிற்சிக்கூடம் ஒரு பொருளாதார நிறுவனமாகவும் இயங்கியது என்பதற்கு இது நல்ல சான்று. பகைவன் நெற்றியில் திருநீறு கண்ட நாயனார் அவனைக் கொல்ல மனமின்றி நிற்கிறார். ஆயினும் வாளையும் கேடயத்தையும் கீழே போடவில்லை. படைக்கலம் இல்லாதவரைக் கொன்றார் என்னும் பழி எதிரிக்கு வரலாகாது என்பதே காரணம். தன்னைக் கொல்ல வந்தவன் பொருட்டும் கருவி ஒழுக்கம் காக்கும் இந்நிலையைப் பக்தியின் எல்லை என்று மட்டும் கூறிக் கடந்துவிடுகிறோம். வாட்கூடம் கற்பித்த நெறியின் எல்லையும் அதுவே என்பது கட்டுரையாளர் கருத்து.

தண்டால், பஸ்கி, கர்லா, கோதா முதலியன தமிழகப் பயிற்சிக் கூடங்களில் நெடுங்காலம் வழங்கிவரும் சொற்கள். இவற்றுள் பல வடநாட்டுத் தொடர்பினைக் காட்டுவன. எனவே வடநாட்டு அகாடா மரபு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

காளிகாட்டுப் படங்களில் இருவகை உடல்

காளிகாட் கோயிலின் இன்றைய கட்டடம் 1809இல் நிறைவுற்றது. அதனைச் சூழ்ந்த கடைத்தெருவில் பட ஓவியர்கள் யாத்திரிகர்க்கு விற்ற மலிவு விலைப் படங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் சமூக ஆவணமாகக் கொள்ளத்தக்கன. அவற்றில் அடிக்கடி இடம்பெறுபவர் ‘பாபு’: வகிடெடுத்துச் சுருட்டிய முடி, பளபளக்கும் காலணி, நாற்காலி, கையில் உக்கா. மெலிந்த தோள்களும் உழைப்பறியாத விரல்களும் ஏளனக் குறிப்போடு தீட்டப்பட்டுள்ளன. அதே கடைத்தெருவில், புலியோடு வெறுங்கையுடன் பொரும் சியாமகாந்தரின் படமும் விற்பனையாயிற்று. சியாமகாந்த பந்தோபாத்தியாயர் (1858–1918) புலிகளோடு மல்லாடிப் புகழ்பெற்றுப் பின்னர்த் துறவு பூண்டு சோஹம் சுவாமி எனப்பட்டவர். வங்காளியர் வலியற்றவர் என ஆங்கிலேயர் எழுதியதும், அதனை வங்கக் கற்றோர் தாமே நம்பத் தொடங்கியதும் ரொசெல்லி விரிவாகக் காட்டிய செய்திகள். அந்த நாணம் கற்றோர் கூட்டத்தோடு நில்லாமல் கடைத்தெருவரை இறங்கியிருந்தது என்பதற்கு இவ்விருவகைப் படங்களும் சான்றாகின்றன.

நவகோபால் மித்திரரின் கூடம்

1867இல் இந்து மேளாவைத் தொடங்கிய நவகோபால் மித்திரர், அடுத்த ஆண்டளவில் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றையும் ஏற்படுத்தினார். ஐரோப்பியக் கம்பிப் பயிற்சிகளும் நாட்டுப் பயிற்சிகளும் அங்கு ஒருங்கே இடம்பெற்றன. இளம் பருவத்து நரேந்திரநாதர் (பிற்காலத்து விவேகானந்தர்) அங்குப் பயின்றார். கூடத்தின் பொறுப்பை நவகோபாலர் ஏறத்தாழ மாணவர்களிடமே விட்டிருந்தார் என விவேகானந்தரின் வரலாற்று நூல்கள் கூறும்.

அந்நூல்கள் தரும் நிகழ்ச்சி ஒன்று இங்குக் கருதத்தக்கது. கனத்த தொங்கூஞ்சல் சட்டம் ஒன்றை நிறுத்தச் சிறுவர் முயல்கின்றனர், இயலவில்லை. வேடிக்கை பார்த்து நின்ற ஆங்கில மாலுமி ஒருவரை நரேந்திரர் உதவிக்கு அழைக்கிறார். தூக்கும்போது சட்டம் சரிந்து மாலுமி அடிபட்டு நினைவிழக்கிறார். வெள்ளையர் இறந்தார் என்றஞ்சிப் பெரும்பாலோர் ஓடிவிடுகின்றனர். நரேந்திரரும் ஓரிரு தோழரும் மட்டும் நின்று, தம் ஆடையைக் கிழித்துக் கட்டுப் போட்டு, அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் கிடத்தி, மருத்துவரை அழைத்து, குணமாகும்வரை பேணி, வழிச்செலவுக்குப் பணமும் திரட்டித் தருகின்றனர்.

வரலாற்றாசிரியர்கள் இதனை நாயகனின் அருளுள்ளத்திற்கு எடுத்துக்காட்டாகவே கூறுவர். பொதுக்கருவி என்னும் நோக்கில் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. கருவி எல்லோருக்கும் உரியது. ஆயின் அதனால் விளைந்த தீங்கு யாருடையது? ஓடியவர்களும் அதே ஊஞ்சலில் ஆடியவர்களே. பகிர்வுக்குரிய ஒழுக்கம் பயன்பாட்டோடு முடிவதில்லை, பொறுப்பையும் உள்ளடக்கியது என்பதை எழுதப்பட்ட விதி எதுவுமின்றி அச்சிறுவருள் சிலர் உணர்ந்திருந்தனர்.

அகாடாவின் மண்

நகரின் வடபகுதியில் மசூதிபாரித் தெருவில் அம்பு குகா எனப்பட்ட அம்பிகா சரண் குகா (1843–1900) நடத்திய அகாடா இதற்கு வேறான மரபைச் சார்ந்தது. செல்வக் குடியில் தோன்றிய அவர் வடநாட்டு மல்லர்களின் கலையை வங்கக் கற்றோரிடையே பரப்பினார். அவர் வழிவந்த ஜதீந்திர சரண் குகா, அதாவது கோபர் குகா (1892–1972), 1921இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆட் சாண்டலை வென்று உலகப் பட்டம் பெற்றார். கோபர் குகா தம் குடும்பத்தாரிடம் மட்டுமன்றிக் கோஸ்லா சௌபே, ரஹ்மானி ஆகிய மல்லர்களிடமும் பயின்றவர். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். பின்னாளில் திரையிசையில் புகழ்பெற்ற மன்னா டே இளமையில் கோபர் குகாவிடம் மல்லாடக் கற்றார் என்பதும் இடையே குறிக்கத்தக்க சுவையான செய்தி.

அகாடாவின் ஒழுகலாறு நூலில் எழுதப்பட்டதன்று, உடலால் கற்பிக்கப்பட்டது. பனாரஸ் அகாடாக்களைக் களஆய்வு செய்து ஜோசப் ஆல்டர் 1992இல் வெளியிட்ட நூல் வடநாட்டு மரபின் பொதுக்கூறுகளை விளக்குகிறது. குழியின் மண் நாள்தோறும் மண்வெட்டியால் கொத்திப் பதப்படுத்தப்படும். எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன அதில் கலக்கப்படும். கொத்துவது கூலியாளின் வேலையன்று. பயில்வோர் முறைவைத்துக் கொத்துவர். அதுவே முதற்பயிற்சி. களத்தில் இறங்குவோர் மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வர். மூத்தோர் இளையோரோடு பொருதும்போது வலிமையை அடக்கிப் பொருதுவர். இளையோர் மூத்தோர்க்கு உடல் பிடித்துவிடுவர். கதை, கர்லாக்கட்டை, கழுத்தில் மாட்டும் கல்வளையம் ஆகியன கூடத்திற்குப் பொது. அரைக்கச்சை மட்டுமே தனியுடைமை.

இவ்வொழுங்கில் ‘என் முறை, உன் முறை’ என்னும் வழக்கு எழ வாய்ப்புக் குறைவு. பொதுக்கருவிக்குச் செய்யும் உழைப்பும் பொதுவாக இருந்தமையே காரணம் எனலாம். மண்ணைக் கொத்தியவர்க்கே மண்ணில் புரள உரிமை. மேலும், மற்போர் தனித்துச் செய்ய இயலாதது. எதிரில் நிற்பவரே முதன்மையான கருவி. அவருடைய சாதி வியர்வையோடு நம் மேல் ஒட்டத்தான் செய்யும். குழிக்குள் சாதித் தீட்டு ஓரளவு தளர்ந்ததை ஆல்டர் குறிப்பிடுகிறார். குழிக்கு வெளியே அத்தளர்ச்சி எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு வினா. அகாடாவைச் சமத்துவக் கூடமாகப் போற்றி எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர்.

சமிதியின் விதிகள்

1902இல் சதீஷ் சந்திர பாசு தொடங்கிய அனுசீலன் சமிதியில் ஒழுகலாறு விதியாக மாறுகிறது. பாரிஸ்டர் பிரமதநாத் மித்திரர் அதன் தலைவர்; மதன் மித்திரர் சந்து அதன் தொடக்க இடம். ‘அனுசீலன்’ என்னும் பெயர், 1888இல் நூலாக வந்த பங்கிம் சந்திரரின் ‘தர்மதத்துவம்’ விளக்கிய கோட்பாட்டிலிருந்து பெறப்பட்டது. உடல், அறிவு ஆகிய ஆற்றல்கள் அனைத்தையும் ஒருங்கே பயின்று வளர்த்தல் என்பது அதன் பொருள். சிலம்பத்தடியும் குத்துவாளும் இங்கு உடலுக்காக மட்டும் எடுக்கப்படவில்லை. 1906இல் புலின் பிகாரி தாஸ் அமைத்த டாக்கா அனுசீலன் சமிதியில் தொடக்க உறுதிமொழி, இறுதி உறுதிமொழி, சிறப்பு உறுதிமொழிகள் எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. 1918இல் வெளிவந்த ரௌலட் குழுவின் அறிக்கை இவ்வுறுதிமொழிகளை எடுத்துரைக்கிறது. ஆட்சியாளர் தம் பகைவரின் ஒழுக்க விதிகளை இவ்வளவு கவனமாகப் பாதுகாத்துத் தந்தது ஆய்வாளர்க்கு வாய்த்த பேறு. 1909 தொடக்கத்தில் சமிதிகள் சட்டவிரோத அமைப்புகளாக அறிவிக்கப்பட்டன.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. பாலிகஞ்சில் தம் இல்லத்தில் சரளா தேவி சௌதுராணி இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆண்டுகளில் நடத்திய பயிற்சிக்கூடத்தில் இளைஞர்க்குச் சிலம்பமும் வாளும் கற்பித்தவர் முர்தஜா என்னும் முஸ்லிம் ஆசான். புலின் பிகாரி தாஸும் அவரிடம் பயின்றார். ஆயின் புலின் அமைத்த டாக்கா சமிதியின் தீட்சை முறை இந்துச் சமயச் சடங்குகளோடு பின்னப்பட்டிருந்தது. முஸ்லிம்களுக்கு அதில் இடமில்லை. கோல் பிடிக்கும் முறையை முர்தஜாவிடம் பெற்ற கை, அவர் சமயத்தார் அக்கோலைத் தொட இடம் தரவில்லை. அடக்குமுறைக் காலத்தில் மறைவு இயக்கத்திற்கு இறுக்கம் தேவைப்பட்டது என இதற்கு அமைதி கூறுவர். அவ்வமைதி முழுமையானதன்று. அயல்நாட்டு ஆட்சிக்கு எதிரான மறைவு, அண்டை வீட்டாரை விலக்குவதற்குப் போதிய காரணமாகாது.

பெண்களின் நிலை தனிக் கட்டுரைக்குரியது. பெண் ஒருவர் கூடம் நடத்தினார். அதில் பயின்றோர் ஆண்களே. 1923இல் டாக்காவில் லீலா நாக் அமைத்த தீபாலி சங்கத்தில்தான் சிலம்பக்கோல் பெண்கள் கைக்கு முறையாக வந்தது.

இரும்பின் வருகை

யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயரோடு பரவிய டம்பெல், பார்பெல் பயிற்சிகள் கூடத்தின் இலக்கணத்தையே மாற்றின. மண்ணுக்கு எடையில்லை, இரும்புக்கு எண் உண்டு. மண்ணில் பலர் ஒருங்கே இறங்கலாம். ஒரு பார்பெல்லை ஒரு நேரத்தில் ஒருவரே தூக்க இயலும். காத்திருத்தல், எடைத்தட்டுகளைக் கழற்றி இடத்தில் வைத்தல், தூக்குபவர் தலைமாட்டில் துணை நிற்றல் ஆகிய புதிய கடமைகள் இதனாலேயே தோன்றின. சென்னையில் 1920இல் எச். சி. பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி உடற்பயிற்சியைப் பாடத்திட்டமாக்கியது. கல்கத்தாவில் 1923இல் விஷ்ணு சரண் கோஷ் (1903–1970) தம் கல்லூரியை நிறுவி, யோகாசனத்தையும் இரும்பையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தார். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி அவர். மார்பின்மீது யானை ஏறி நிற்கச் செய்து புகழ்பெற்ற ரேபா ரக்ஷித் அவருடைய மாணவி. 1951இல் மனதோஷ் ராயும் 1952இல் மனோகர் ஆய்ச்சும் உலக ஆணழகன் போட்டியில் தத்தம் பிரிவில் பட்டம் பெற்றனர்.

மனோகர் ஆய்ச் (1912–2016) நான்கடி பதினொரு அங்குல உயரமே உடையவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப் படையில் பணியாற்றியபோது ஆங்கிலேய அதிகாரியை அறைந்ததற்காகச் சிறை சென்றார். சிறையில் கருவி ஏதுமின்றி நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வரை பயின்றதாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். சிறை அதிகாரிகள் வியந்து தனியுணவு அளித்தனர். பகிர்வதற்குக் கருவியும் இல்லை, உடன் பகிர்வோரும் இல்லை என்னும் நிலையில் உருவான உடல் அது. விடுதலைக்குப் பின் அவர் செய்தது, கூடம் அமைத்துப் பிறர்க்குக் கற்பித்ததே.

இன்றைய குளிரூட்டப்பட்ட கூடங்களின் சுவர்களில் விதிகள் அச்சிட்டு ஒட்டப்பட்டுள்ளன: கருவியை எடுத்த இடத்தில் வைக்கவும், ஓய்வு நேரத்தில் இருக்கையை மறிக்க வேண்டா, துண்டு கொண்டுவரவும், வியர்வையைத் துடைக்கவும். இவற்றுள் முதலிரண்டும் இரும்பு தந்தவை. இறுதி இரண்டும் அகாடாவின் நேர் எதிர்நிலை. அங்கு வியர்வை மண்ணில் சேர்வது மண்ணுக்கு வளம் எனக் கருதப்பட்டது. அம்மண்ணையே உடலில் பூசிக்கொண்டு வீடு திரும்பினர். மண் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாட் காலை யாரேனும் ஒருவர் கொத்திப் புரட்டிவிடுவார். ரெக்சின் உறை போர்த்திய இருக்கையில் அது அடுத்தவர் வரும்வரை அப்படியே நிற்கும்.