திருநாதர்குன்றின் நிசீதிகை

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்தை அடுத்த திருநாதர்குன்றில் ஒரு பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அருகே உள்ள கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் இது என்கிறது. காலம் கி.பி. 5–6-ஆம் நூற்றாண்டு. மற்றொரு கல்வெட்டு 30 நாள் நோற்ற இளையபடாரரைக் குறிக்கிறது.

இவை நிசீதிகைகள்: உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சமணரின் நினைவிடங்கள். தீரா நோய், முதுமை, பஞ்சம் போன்ற நிலைகளில், குருவின் இசைவோடு, தெளிந்த மனத்துடன் மேற்கொள்ளும் இந்த நோன்பே சல்லேகனை. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அதைக் குற்றமென்றது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

தன் இறுதியைப் பற்றித் தானே முடிவெடுப்பதில் மருத்துவ முன்விருப்ப ஆவணம் வேறு வகை: நினைவிழந்தபின் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்னரே எழுதிவைப்பது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது. ஆவணத்தில் மாஜிஸ்திரேட்டும் கையொப்பமிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் முட்டுக்கட்டையானதால், 2023 ஜனவரியில் அது தளர்ந்தது. இப்போது இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும்.