தேசவழமை முதல் ஹேக் சமவாயம் வரை: எல்லை கடந்த பிள்ளைப் பிணக்குகளும் லா சப்பல் தமிழரும்

1983ஆம் ஆண்டின் இனவன்முறைக்குப் பின் பிரான்சில் தஞ்சம் புகுந்த ஈழத்தமிழரின் வணிக, சமய வாழ்வு, பாரிசின் கார் து நோர் நிலையத்தை அடுத்த லா சப்பல் பகுதியில் வேரூன்றியது. 1994 நவம்பர் 14 முதல் அந்நிலையத்திலிருந்து லண்டனுக்கு நேரடித் தொடருந்து ஓடுகிறது. உறவினர் பல நாடுகளில் சிதறி வாழும் இச்சமூகத்தில், பெற்றோர் பிரிந்தால் பிள்ளை எங்கு வளர்வது என்னும் பிணக்கு எளிதில் எல்லை கடக்கிறது. அதில் மத்தியஸ்தம் பயன்தர எது வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு வழமை இருந்தது. திசாவை கிளாஸ் ஐசாக்சு தொகுத்து, 12 முதலியார்கள் சரிபார்த்து, 1707இல் ஒல்லாந்தர் நடைமுறைப்படுத்திய தேசவழமை, தாயை இழந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது. தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், பாட்டியாரோ நெருங்கிய உறவினரோ பிள்ளையைப் பொறுப்பேற்பர். தாயின் சீதனத்தையும் தந்தை உடன் ஒப்படைக்க வேண்டும். இருதரப்பு உறவினரும் அருகருகே வாழ்வர் என்பதே இவ்வழமையின் அடிப்படை. புலம்பெயர்வு அவ்வடிப்படையைத் தகர்த்தது. பெரியோரிடம் பேசித் தீர்க்கும் பழக்கமோ நிலைத்தது.

அப்பழக்கம் இன்று காலக்கெடுவுள்ள சட்டத்தை எதிர்கொள்கிறது. 1980 அக்டோபர் 25இன் ஹேக் சமவாயம், 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை முறைகேடாக வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்வதைப் பற்றியது. அது பிரான்சில் 1983இலும் ஐக்கிய இராச்சியத்தில் 1986இலும் நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் உறுப்புரை இணக்கத் தீர்வுக்கு முயலுமாறு மத்திய அதிகார அமைப்புகளைப் பணிக்கிறது. 12ஆம் உறுப்புரையோ, ஓராண்டுக்குள் வழக்குத் தொடங்கப்பட்டால் பிள்ளையை உடன் திருப்பியனுப்புமாறு பொதுவிதி வகுக்கிறது. ஓராண்டு கடந்து, பிள்ளை புதிய சூழலில் நிலைபெற்றுவிட்டால் மறுக்க இடமளிக்கிறது. பெரியோரின் பேச்சு நீளும்போது, பிள்ளையைப் பிரிந்த பெற்றோர் தம் வலுவான உரிமையை அறியாமலே இழக்கக்கூடும்.

பிரான்சின் 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டம் குடும்ப மத்தியஸ்தத்தைக் குடியியல் சட்டக்கோவையில் சேர்த்தது. 2003இல் அத்தொழிலுக்கு அரச தகைமைச் சான்றிதழ் ஏற்பட்டது. ஆனால் தொழில்முறை மத்தியஸ்தரை நாடும் தமிழ்ப் பெற்றோருக்கு மொழி தடையாகிறது; உறவினரை நாடினால் நடுநிலை தடையாகிறது. இந்தியா சமவாயத்தில் சேராமையால், புதுச்சேரி வழிவந்த குடும்பங்களில் பிள்ளை இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்படின் இச்சமவாய வழியும் இல்லை. அங்கு இணக்கத்தின் தேவை இன்னும் மிகுதி.

எனவே மத்தியஸ்தம் வழக்குக்கு மாற்றாகவன்றி, வழக்கோடு இணையாக நடைபெறல் வேண்டும். முதலில் மனுவைப் பதிவுசெய்து காலக்கெடுவைக் காத்தல். இருதரப்புக்கும் உறவற்ற, தமிழறிந்த மத்தியஸ்தரை அமர்த்தல். இரு நாட்டிலும் நிறைவேற்றத்தக்கவாறு உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஏற்பு பெறுதல் ஆகியன இன்றியமையாதவை. வன்முறை முறையிடப்படும் குடும்பங்களில் மத்தியஸ்தத்தை வற்புறுத்தலாகாது. தேசவழமை பிள்ளையையும் அதன் உரிமையையும் ஒருங்கே ஒப்படைக்கச் சொன்னது. இன்றைய மத்தியஸ்தமும் இணக்கத்தை நாடும்போதே பிள்ளையின் உரிமையைக் காத்தல் வேண்டும்.