அரைக் கிரவுணும் அரசாங்க நன்கொடையும்

பொருளாதாரம் என்றதும், அது பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் நிதி மந்திரிமாரும் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு சாத்திரம் என எண்ணி ஒதுங்குவோர் எம்மிடையே பலர். கூலி ஏன் குறைகின்றது, அரிசி விலை ஏன் ஏறுகின்றது, கடன்பட்டவன் ஏன் கடனிலேயே மாளுகின்றான் என்னும் கேள்விகள் வீட்டுத் திண்ணையிற் பிறப்பவை. அவற்றுக்கு விடை தேடும் கல்வியை மட்டும் உயர்ந்த மதிலுக்குள் வைத்துவிட்டோம். அம்மதிலுக்கு வெளியே, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களிடம் அக்கல்வியைக் கொண்டுசென்ற ஒரு முயற்சியின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். அம்முயற்சி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, வந்த பணம் என்ன கேட்டது என்பவற்றையே சிறப்பாக நோக்குவோம்.

அல்பேர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பவர் ஒரு தச்சரின் மைந்தர். பதினான்கு வயதிற் பள்ளியை விட்டவர். ஐக்கிய மொத்த வியாபாரச் சங்கத்தில் எழுதுவினைஞராய் வேலை பார்த்தவர். 1903ஆம் ஆண்டில் அவரும் அவர் மனைவி பிரான்சஸ் அம்மையாரும் தாமிருவருமே அங்கத்தவராக ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அதன் மூலதனம் அம்மையார் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த அரைக் கிரவுண், அதாவது இரண்டு சிலிங் ஆறு பென்ஸ். தொழில் செய்யும் ஆண்மக்களின் உயர்கல்வியை வளர்க்கும் சங்கம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பெயரில் ஆண்களுக்கு மாத்திரமே இடமிருந்தது. முதற் பணமோ ஒரு பெண்மணியின் அடுக்களைச் சேமிப்பு! நல்லவேளையாக 1905இல் அப்பெயர் மாற்றப்பட்டுத் தொழிலாளர் கல்விச் சங்கம் என்றாயிற்று.

றொச்டேல் என்னும் ஊரின் பெயரை எமது ஐக்கிய சங்கங்களில் ஊழியம் செய்த பெரியோர் நன்கறிவர். 1844இல் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கடை திறந்த அதே ஊர்தான். அக்கடையினர் பின்னர்த் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கி, வாசிகசாலையும் நூலகமும் நடத்தினர். வெளியார் எவரும் கொடுத்த நன்கொடையன்று அது. மாவும் வெண்ணெயும் வாங்கியவர்களின் சொந்தப் பணம். இத்தகைய பழக்கமுள்ள ஊரிலிருந்து, ஓரிரவு வந்து பேசிப்போகும் சொற்பொழிவாளர் போதாது, ஆண்டுக்கணக்கில் எம்மோடிருந்து கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது வியப்பன்று. பன்னிரண்டு வயதில் அரைநாள் பள்ளியும் அரைநாள் ஆலையுமாய் வளர்ந்தவர்கள் வாழ்ந்த நாடு அது.

ஆசிரியரும் கிடைத்தார். ஆர். எச். ரோனி என்னும் அவ்விளைஞர் 1880இல் கல்கத்தாவிற் பிறந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரி அதிபராயிருந்து, சோமதேவரின் கதாசரித்சாகரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வடமொழி வல்லுநர் சார்ள்ஸ் ரோனி என்பவரே இவர் தந்தையார். மகனை வடமொழியன்று, வறுமையின் வரலாறே ஈர்த்தது. 1908 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன லோங்ரனிலும், மறுநாட் சனிக்கிழமை றொச்டேலிலும் அவர் தம் வகுப்புகளைத் தொடங்கினார். பாடம் இங்கிலாந்தின் பொருளாதார வரலாறு.

அவ்வகுப்பின் கட்டுப்பாடுகளை இளைஞர்கள் கவனித்தல் வேண்டும். மூன்றாண்டுக் காலம், ஆண்டுக்கு 24 கூட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியருக்கு. அடுத்த மணி மாணவரின் வினாவுக்கும் வாதத்துக்கும். பதினைந்து நாளுக்கொரு கட்டுரை எழுதுதல் கட்டாயம். நாள் முழுதும் சூளையருகிலும் சுரங்கத்திலும் நின்றவர், பள்ளி விட்டபின் பேனா பிடித்தறியாதவர், ஆண்டுக்குப் பன்னிரண்டு கட்டுரை எழுதினார். சூளையிலிருந்து பழுதின்றி வந்த பாண்டத்துக்கே கூலி, வெடித்ததற்கு இல்லை என்ற வழக்கம் நெடுங்காலம் நிலவிய பகுதி அது. கூலி எவ்வாறு நிர்ணயிக்கப்படுகின்றது என்று அவ்வூராருக்குப் புத்தகத்தைக் கொண்டு மட்டும் கற்பித்துவிட முடியுமா? ரோனி 1912இல் வெளியிட்ட, பதினாறாம் நூற்றாண்டு நிலப் பிரச்சினை பற்றிய தம் நூலின் முன்னுரையில், நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் தமக்கு ஏட்டில் இல்லாதவற்றைக் கற்பித்தனர் என நன்றி கூறியுள்ளார். இதனை உபசார வார்த்தையாக நாம் கொள்ளவில்லை.

உதவி நன்கொடை என்னும் சொல் எம்மவர்க்குப் புதியதன்று. பாடசாலை நடத்திய எமது முன்னோர் அதற்காகப் பட்ட பாட்டையும், அதனோடு வந்த நிபந்தனைகளையும் மூத்தோர் அறிவர். அங்கும் அவ்வாறே. 1907இல் ஒக்ஸ்போர்டில் நிகழ்ந்த மகாநாட்டில் கல்விச் சபையின் நிரந்தரச் செயலாளர் சேர் றொபேட் மொராண்ட், இத்தகைய வகுப்புகளுக்கு அரசாங்கப் பணம் தரச் சித்தமாயிருப்பதைப் புலப்படுத்தினார். அதன்பின் ஒக்ஸ்போர்டார் எழுவரும் தொழிலாளர் பக்கத்தார் எழுவரும் சமமாய் அமர்ந்து திட்டம் வகுத்தனர். ஆசிரியர் வேதனத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் ஏற்றது. கல்விச் சபை நன்கொடை அளித்தது. சபை கேட்டவை வரவு இடாப்பு, எழுத்து வேலை, பரிசோதகரின் வருகை ஆகியன. எந்தப் பாடத்தைக் கற்பது என்பதை வகுப்பே தீர்மானித்தது. 1910இல் பலியோல் கல்லூரியைச் சேர்ந்த ஏ. எல். சிமித் தாம் பார்த்த கட்டுரைகளில் நாலிலொரு பங்கு ஒக்ஸ்போர்டின் முதற்றரத்துக்கு ஒப்பானவை என்றார். இரண்டு வகுப்புகளாய்த் தொடங்கியவை 1914ஆம் ஆண்டளவில் 145 ஆயின. மாணவர் தொகை மூவாயிரத்தைக் கடந்தது.

எல்லோரும் இதனை வாழ்த்தினர் அல்லர். ஒக்ஸ்போர்டிலேயே தொழிலாளருக்கென 1899இல் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியில், 1909இல் மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். அதிபர் டெனிஸ் ஹேட் நீக்கப்பட்டார். முந்திய ஆண்டிலேயே பிளெப்ஸ் கழகத்தைத் தோற்றுவித்திருந்த அவர்கள், பிரிந்து சென்று மத்திய தொழிலாளர் கல்லூரியை அமைத்தனர். முதலாளிகளின் அரசாங்கமும் அவர்களுடைய பல்கலைக்கழகமும் பணம் கொடுத்தால், கூலியையும் இலாபத்தையும் பற்றிய பாடம் எப்படி நடுவுநிலையில் நிற்கும்? உப்பிட்டவரை நினைக்கும் மனம் உண்மையைப் பேசுமா? இதுவே அவர்கள் வாதம். மார்க்சின் பொருளியலையே தாம் கற்போம் என்றனர். தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் புகையிரதத் தொழிலாளர் சங்கமும் அவர்களைத் தாங்கின. பிற்காலத்தில் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையை அமைத்த அனாயிரின் பெவன் அக்கல்லூரி மாணவரே. ஆதலால் அவர்களை வெறும் பிடிவாதக்காரர் என ஒதுக்குதல் தகாது. அவர்கள் கேட்டது கேட்கவேண்டிய கேள்வி.

ஆயினும் நடந்ததைப் பாருங்கள். அத்தொழிற்சங்கங்கள் பணமுடையுற்று ஆதரவை நிறுத்தியதும் 1929இல் அக்கல்லூரி மூடப்பட்டது. சொந்தக்காரரின் பணமும் வற்றக்கூடியதே. மறுபக்கத்தில், அரசாங்கப் பணம் பெற்ற வகுப்புகளில் அப்பணத்தால் எண்ணம் அடிமைப்பட்டதா? ரோனியின் பிற்கால நூல்களை வாசித்தவர் அப்படிச் சொல்லத் துணியார். செல்வ ஏற்றத்தாழ்வை அவர்போற் கடிந்தவர் சிலரே. அவர்தாம் 1928 முதல் பல்லாண்டு அச்சங்கத்தின் தலைவராயும் இருந்தார். எமக்குத் தோன்றும் காரணம் ஒன்றே: நன்கொடை வரும் முன்னரே வகுப்பு இருந்தது. மூன்றாண்டுக்குத் தம்மைக் கட்டிக்கொண்ட முப்பது பேரைத் தேடிப் பணம் வந்தது; பணத்தைக் கண்டு முப்பது பேர் கூட்டப்பட்டாரல்லர்.

லோங்ரன் மாணவர் சிலர் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1911இல் வட ஸ்ரபோர்ட்ஷயர்ச் சுரங்கக் கிராமங்களுக்கு மாலைதோறும் சென்று, வேதனமின்றித் தாமே ஆசிரியராயினர். அப்பகுதியில் வேரூன்றிய அவ்வூக்கத்தின் பயனாக 1949இல் கீல் என்னுமிடத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. 1962இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வாண்டு ஜனவரியிலேயே ரோனி காலமானார்.

நன்கொடையின் கதை அதற்கு முன்னரே இன்னொரு திருப்பத்தைக் கண்டது. 1953இல் கல்வி மந்திரி புளோரன்ஸ் ஹோஸ்புறூ அம்மையார் வளர்ந்தோர் கல்விக்கான அரசாங்கப் பணத்தில் நூற்றுக்குப் பத்தைக் குறைக்க எண்ணினார். ஊர்தோறும் எதிர்ப்புக் கிளம்பியது. தொழிற்சங்கப் பேரவை பிரதமர் சேர்ச்சிலுக்கே எழுதிற்று. அவர் அத்தகைய கல்வியைப் போற்றிப் பதிலிறுத்தார். ஆராய்வதற்கு எரிக் ஆஷ்பி என்னும் தாவரவியல் அறிஞர் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1954இல் அக்குழு நன்கொடை தொடர்தல் வேண்டுமென அறிக்கை சமர்ப்பித்தது, வெட்டும் கைவிடப்பட்டது.