கதவடைத்த 84 நாட்கள்

ஒரு நோயின் வரலாறு மருத்துவமனைப் பதிவேடுகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. அந்நோய் வந்தபோது மக்கள் எதற்கு முதலில் அஞ்சினர், எதைத் தேடி ஓடினர், யாரைப் பழித்தனர், யாருக்குச் சோறிட்டனர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளே. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் தொடங்கி ஜூன் 9ஆம் நாள் வரை மலேசிய நாடு கதவடைத்துக் கிடந்தது. முதல் 47 நாட்கள் கடுங்கட்டுப்பாடு. பின்னர்ச் சிறிது தளர்வு. ஆக மொத்தம் 84 நாட்கள். கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் பொறுத்தவரை, அந்நாட்களில் சமுதாயம் குலைந்ததற்குக் காரணம் நோய் மட்டுமன்று. செய்தி சென்ற முறையும், மக்கள் பிழைப்பு நடத்திய முறையும் பெருங்காரணங்களாயின.

முன்னைய கொள்ளைநோய்கள்

கிள்ளான் வட்டாரத்துக்குக் கொள்ளைநோய் புதியதன்று. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்குவது அதுவே. திறந்து நெடுநாள் ஆகுமுன்னரே அங்கு மலேரியாக் காய்ச்சல் பரவி, துறைமுகத்தின் வேலையே தடைபடும் நிலை தோன்றிற்று. கொசுவே மலேரியாவுக்கு வழி என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்திருந்தார். அவ்வறிவைக் கையிற்கொண்டு, கிள்ளான் அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து நோயைத் தணித்தார். நோயின் வழி தெரிந்திருந்தமையால் பரிகாரமும் தெளிவாயிற்று.

1918ஆம் ஆண்டின் சளிக்காய்ச்சல் இதற்கு நேர்மாறானது. உலகப் போரின் இறுதியில் கப்பல்வழி பரவிய அந்நோய் மலாயாவில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது என ஆய்வாளர் கணித்துள்ளனர். நெருக்கமான லயத்து வீடுகளில் வாழ்ந்த இந்தியத் தோட்டத் தொழிலாளரே மிகுதியாக மடிந்தோருள் அடங்குவர். நோய் அடங்கிய மறு ஆண்டே அரிசிப் பஞ்சமும் தொடர்ந்தது. அம்மக்கள் அஞ்சியதும் அழுததும் பெரும்பாலும் பதிவாகவில்லை. அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளில் அவர்கள் வெறும் எண்களாகவே நிற்கின்றனர்.

அமைதியிலிருந்து அலைமோதலுக்கு

மலேசியாவில் கோவிட்-19 தொற்று முதன்முதலில் உறுதிசெய்யப்பட்ட நாள் 2020ஆம் ஆண்டு ஜனவரி 25. அப்போது அதனைத் தொலைவிடத்துத் துன்பமாகவே பலரும் கருதினர். பிப்ரவரி 8ஆம் நாள் பத்துமலைத் தைப்பூசம் வழக்கம்போல் பெருங்கூட்டத்துடன் நடந்தேறிற்று. அத்திங்களின் இறுதியில் நாட்டின் கவனமெல்லாம் அரசியலின்மேல் இருந்தது. பிரதமர் மகாதீர் பதவி விலகியமையும், மார்ச்சு முதல் நாள் முகிதின் யாசின் பதவியேற்றமையுமே வீடுதோறும் பேச்சாயிருந்தன. அதே நாட்களில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஏறத்தாழ 16,000 பேர் கூடிய சமயக் கூட்டம் நடைபெற்றது. அதன்வழித் தொற்று பல மாநிலங்களுக்கும் சென்றமை பின்னரே தெரியவந்தது.

மார்ச்சு 16ஆம் நாள் இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் நாள் முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வரும் என அறிவித்தார். அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையே முழுமையாக இருந்தது ஒரே ஒரு பகல். ஆணையைப் பற்றிய வதந்தி முன்னரே புலனத்தின்வழிப் பரவியிருந்ததால், பேரங்காடிகளில் அரிசியும் முட்டையும் ரொட்டியும் விரைந்து தீர்ந்தன. முதலில் எழுந்த அச்சம் நோயச்சமன்று, பசியச்சமே.

17ஆம் நாள் நடந்தது இன்னும் கருதத்தக்கது. மாநில எல்லையைக் கடப்போர் காவல்துறையின் அனுமதி பெறல் வேண்டும் என்று அன்று அறிவிக்கப்பட்டது. உடனே மாணவரும் தொழிலாளரும் அனுமதிப் படிவத்துக்காகக் காவல் நிலையங்களை மொய்த்தனர். பேருந்து நிலையங்களிலும் கூட்டம் நெரிந்தது. கூட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த ஆணையே கூட்டத்தைக் கூட்டிற்று. அன்றிரவே அவ்விதி ஒத்திவைக்கப்பட்டது. அதே நாளில்தான் நாட்டின் முதல் இரு கோவிட் மரணங்களும் நிகழ்ந்தன. மக்கள் அறிவிலிகளாய் ஓடினர் எனப் பழிப்பது எளிது. ஆயினும் ஊர் திரும்ப வழியுண்டா, நாளைக்குக் கடை திறக்குமா என்னும் எளிய வினாக்களுக்கு விடை கிடையாதபோது ஓடுவது மனித இயல்பாகும். பின்னாட்களில் சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் மாலையில் கணக்குகளை ஒரே சீராக விளக்கத் தொடங்கியபின் பதற்றம் பெரிதும் தணிந்தமை இதற்குச் சான்று.

தொடுதலும் கூடுதலும் தொழிலானோர்

ஏப்ரல் முதல் நாளிலிருந்து கட்டுப்பாடு இறுகிற்று. வீட்டுக்கு ஒருவரே, அதுவும் பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே, பொருள் வாங்கச் செல்லலாம் என்றாயிற்று. சாலைத் தடுப்புகளில் காவலரோடு இராணுவத்தினரும் நின்றனர்.

வீட்டிலிருந்தே பணியாற்ற இயன்றவர்க்கு இக்காலம் சலிப்பாக அமைந்தது. தொடுதலும் கூடுதலும் தொழிலானோர்க்கோ அது வருவாயற்ற காலமாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் பார்வையற்றோர் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழிலால் தன்மானத்தோடு வாழும் இடம். மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேயே உள்ளது. பிறரைத் தொடாமல் அத்தொழில் இல்லை. ஆதலின் அவர்தம் கடைகள் அடைபட்டன. துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூமாலை தொடுப்போர்க்குக் கோயிலும் இல்லை, திருமணமும் இல்லை. ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த தமிழ்ப் புத்தாண்டு, சாத்திய கோயிற் கதவுகளுக்கு முன் ஓசையின்றிக் கழிந்தது.

முடிதிருத்துவோர் கதை தனியே பதியத்தக்கது. ஏப்ரல் 10ஆம் நாள் முடிதிருத்தும் நிலையங்கள் திறக்கலாம் என அரசாங்கம் அறிவித்தது. வருவாயின்றித் தவித்த அத்தொழிலார் அதனை வரவேற்றிருக்கலாம். ஆனால், நெருங்கி நின்று செய்யும் தொழிலில் தொற்று எளிதில் பரவும் என்று தொழிற்சங்கத்தாரே மறுப்புரைத்தனர். மக்களும் ஐயம் எழுப்பவே, அவ்வனுமதி சில நாட்களில் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஜூன் 10ஆம் நாள்தான் அக்கடைகள் மீண்டும் திறந்தன. தம் வயிற்றுப்பாட்டைவிடப் பொதுநலத்தை முன்வைத்த இச்செயலைப் பாடநூல்கள் கூறுமா என்பது ஐயமே.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி உதவித்தொகை, ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு முதலியன அறிவிக்கப்பட்டன. ஆயினும் நாட்கூலிக்காரர்க்கு இழப்பு அன்றன்றே நேர்ந்தது. உதவியோ தவணையாகவே வந்தது. மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை 5.3 விழுக்காட்டைத் தொட்டது. அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் அரிசியும் பருப்பும் பொட்டலமாகக் கட்டி வீடுவீடாகச் சேர்த்த அக்கம்பக்கத்தாரும் பொது அமைப்பினருமே.

பழியின் பயணம்

அச்சம் எப்போதும் ஒரு முகத்தைத் தேடும். ஜனவரியில் சீனப் பயணிகள்மேல் விழுந்த பழி மார்ச்சில் ஸ்ரீ பெட்டாலிங் கூட்டத்தார்மேலும், ஏப்ரலில் ரோஹிங்கியா அகதிகள்மேலும் மாறிற்று. தமிழ் முஸ்லிம் வணிகர் நெடுங்காலமாகத் தொழில் செய்துவரும் மஸ்ஜித் இந்தியா சாலைப் பகுதியில், ஏப்ரல் 7ஆம் நாள் இரு அடுக்குமாடிக் கட்டடங்கள் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. ஆவணமற்ற தொழிலாளரும் அஞ்சாது பரிசோதனைக்கு வரலாம் என்று முன்னர்க் கூறப்பட்டிருக்க, மே முதல் நாள் அப்பகுதியிலேயே குடிநுழைவுத் துறையினர் திடீர்ச் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தனர். கைதுக்கு அஞ்சுபவன் நோயை மறைப்பான். மறைந்த நோய் அனைவர் வீட்டுக்கும் வரும். ஜூலை இறுதியில் கெடா மாநிலத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர்வழிப் பரவிய தொற்றுத் திரளுக்குச் ‘சிவகங்கை’ என்று பெயரிடப்பட்டது. பழி பிறர்மேல் விழுந்தபோது வாளாவிருந்த தமிழர் சிலர், தம் முன்னோர் மண்ணின் ஊர்ப்பெயர் நோய்ப்பெயராகக் கேட்டபோதுதான் அதன் கூர்மையை உணர்ந்தனர்.

அடைபட்ட வகுப்பறை

பள்ளிகளின் நிலை ஆசிரியர் உலகம் அறிந்ததே. இயங்கலைக் கல்வி தொடங்கியபோது, மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்பது கல்வியமைச்சின் ஆய்வில் வெளிப்பட்டது. தந்தை வேலைக்குக் கொண்டுசென்ற கைப்பேசி இரவில் வீடு திரும்பிய பின்னரே மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் பார்த்த வீடுகள் பல. ஆறாம் ஆண்டு மாணவரின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஏப்ரல் 15ஆம் நாள் இரத்துச் செய்யப்பட்டது. மறு ஆண்டு அத்தேர்வே ஒழிக்கப்பட்டது. தொடக்கப் பள்ளி மாணவர் ஜூலைத் திங்களில் வகுப்பறைக்குத் திரும்பினர். ஆனால், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அக்டோபர் 14ஆம் நாள் பள்ளிகள் மீண்டும் அடைபட்டன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பருவத்தில் இருந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் இழப்பே மிகப்பெரிது.

எழுதப்பட வேண்டிய வரலாறு

2020ஆம் ஆண்டு முடிவில் மலேசியாவின் கோவிட் மரணங்கள் 500க்குள் அடங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்து, உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெண்கொடி கட்டியது 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான். முதலாண்டில் அச்சம் மரணத்தை முந்திச் சென்றது. இரண்டாம் ஆண்டில் மரணம் அச்சத்தை முந்திற்று. தொடக்க நாட்களின் கட்டுப்பாடு உயிர்களைக் காத்தது என்பதும், அதன் விலையைச் சிலரே மிகுதியாகச் செலுத்தினர் என்பதும் ஒருங்கே உண்மையாகும்.

1918இல் தோட்டத்து மக்கள் தம் துயரைத் தாமே எழுதிவைக்கும் வாய்ப்புப் பெறவில்லை. 2020இல் அந்நிலை இல்லை. ஊரெங்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எழுதக் கற்ற தலைமுறை உள்ளது. இன்று முதலாம் ஆண்டில் நுழையும் பிள்ளைகளுக்கு அந்நாட்கள் நினைவில் இல்லை. அவர்தம் பாட்டியார் உதவிப் பொட்டலத்துக்காகக் காத்திருந்ததையும், தந்தையார் வேலையிழந்ததையும், அண்ணன் பரிசளிப்பு விழா இன்றித் தொடக்கப் பள்ளியை விட்டகன்றதையும் கேட்டெழுதச் செய்தல் கட்டுரைப் பயிற்சியாகவும் வரலாற்றுப் பணியாகவும் அமையும். பதிவேடுகளில் எண்கள் உள்ளன. அவ்வெண்களுக்குரிய மனிதரை மொழியில் நிறுத்துவது ஆசிரியர் கையில் உள்ளது.