மெய்நிகர் திரையின் மரபுரிமை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கணினித் தொழில், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் பூங்காவையும், பரனூரை ஒட்டி 2002-இல் தொடங்கிய மகேந்திரா வேர்ல்டு சிட்டியையும் பற்றுக்கோடாகக் கொண்டு வளர்ந்தது. ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை அமைத்து இயக்கும் மெய்நிகர் இயந்திரம் மேசைக் கணினிகளில் பரவத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அவ்வாறு உள்ளே இயங்கும் விருந்தினர் இயங்குதளம் பெரிய திரையிலும் 800×600 புள்ளிகளுக்குள் சுருங்கி நிற்பது இத்தொழிலில் இருப்போர் நன்கறிந்த சிக்கலாகும். அதன் காரணம் இயந்திரப் பழுதில் அன்று, வரலாற்றில் இருக்கிறது.

ஐ.பி.எம். நிறுவனம் 1972-இல் அறிவித்த வி.எம்/370 என்னும் மெய்நிகர் இயந்திர அமைப்பு எழுத்து முனையங்களின் வழியாகவே பயன்பட்டதால், படத்தின் அளவு பற்றிய கேள்வி அன்று எழவில்லை. அந்நிறுவனமே 1987-இல் வெளியிட்ட வி.ஜி.ஏ. என்னும் காட்சித் தரம், 256 கே.பி. நினைவகத்துக்குள் 640×480 புள்ளிகளை 16 வண்ணங்களில் காட்டியது. 1989-இல் உருவான வெசா என்னும் தர அமைப்பு 800×600 அளவைப் பொதுவாக்கியதுடன், திரை தன் அளவுகளைக் கணினிக்குத் தானே தெரிவிக்கும் இ.டி.ஐ.டி. முறையை 1994-இல் வகுத்தது. வி.எம்.வேர் நிறுவனம் 1999-இல் மேசைக் கணினிக்கான மெய்நிகர் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குத் திரையாக அமைந்தது எந்நேரமும் அளவு மாறக்கூடிய ஒரு சாளரம். அந்த மாற்றத்தை உணர்த்தும் இயக்கி, அதாவது வன்பொருளோடு உரையாடும் மென்பொருள், இல்லாத இடத்தில் விருந்தினர் இயங்குதளம் எல்லாக் காட்சி அட்டைகளும் ஏற்கும் பழைய அளவுகளையே நாடியது.

இக்குறையை நீக்கவே வி.எம்.வேர் டூல்ஸ், 2007-இல் திறமூலமாக வந்த விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் இயந்திர மென்பொருளின் கெஸ்ட் அடிஷன்ஸ் போன்ற துணைத்தொகுப்புகள் தோன்றின. இவை சாளரத்தின் புதிய அளவை உள்ளே அறிவித்துத் திரையை அதற்கேற்ப மாற்றச் செய்கின்றன. லினக்ஸில் கர்னல் எனப்படும் கருநிரல் புதுப்பிக்கப்பட்டபின் துணைத்தொகுப்பின் நிரற்கூறு அதனோடு பொருந்தாமற்போனால் பழைய அளவு திரும்புவதால், அதனை மீண்டும் நிறுவுவதே முதல் தீர்வாகும். அடுத்து நோக்க வேண்டியது காட்சி நினைவகம்: புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால் 1920×1080 திரைக்கு ஏறத்தாழ 8 எம்.பி. போதும், 3840×2160 திரைக்கோ 33 எம்.பி. தேவைப்படுவதால், 16 எம்.பி. ஒதுக்கப்பட்ட இயந்திரம் அதனைக் காட்ட இயலாது. இரண்டும் சரியாயிருந்தும் எழுத்துகள் மிகச் சிறிதாகத் தெரிந்தால், குறை தெளிவுத்திறனில் இல்லை, உருப்பெருக்க அமைப்பில் இருக்கிறது.

இவ்வறிவு இம்மாவட்டத்துக்குத் தனிப் பயன் உடையது. இம்மாவட்டத்துக்குள் அமைந்த குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்) வளாகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனமும் இணைந்து 2005 முதல் நடத்திய தேசியத் திறமூல மென்பொருள் வள மையத்தின் முயற்சியில் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் உருவானது. இத்தகைய இயங்குதளத்தை, இருக்கும் கணினியை அழிக்காமல் மாணவர் பழகிப்பார்க்க எளிய வழி மெய்நிகர் இயந்திரமே. முதல் நாளிலேயே சுருங்கிய திரையைக் கண்டு அவர்கள் பின்வாங்காதிருக்க வேண்டுமானால், கட்டளைகளோடு அவற்றின் பின்னுள்ள வரலாறும் பாடத்தில் இடம்பெறுவது அவசியம். காரணம் அறிந்தவர், அடுத்த பதிப்பில் கட்டளை மாறினாலும் தீர்வைத் தாமே கண்டடைவார்.